கடுகளவு இடம்

மூளையின் நான்காம் அறையின் தரையில், கீழ்க்கோடியில், கடுகளவு இடம் ஒன்று உண்டு. ரத்தத்தில் நஞ்சு கலந்தால் மோப்பம் பிடித்து வாந்தியைக் கிளப்புவது அதுதான். மகள் இதழினி பிறந்தபோதே மருத்துவர்கள் அவளுக்கு அதை அணைத்துவிட்டார்கள். கொல்லிமலைச் சாலையின் எழுபது வளைவுகளில் வாந்தி வருமென்று பயந்து, போன வாரம் நானும் மனைவி பொற்கொடியும் எங்களுக்கும் அதை அணைக்க வைத்தோம்.

மலையில் ஆசையாகப் பறித்த காளானைக் குழம்பு வைத்து மூவரும் ஒரு பிடி பிடித்தோம். மீதியை அங்கே திரிந்த ஒரு நாய்க்கு வைத்தோம்.

"அப்பா, இங்க வாங்களேன்! நாய் தின்னதெல்லாம் வாய் வழியா திரும்பி வருது!" என்று இதழினி கூவினாள்.

"அது வாந்திம்மா," என்று சிரித்தேன். "சேராததைத் தின்னா உடம்பே வெளிய தள்ளிரும்."

அவள் யோசித்தாள்.

"நாமளும் அதைத்தானே சாப்பிட்டோம்? நமக்கு ஏம்ப்பா வரல?"