ரோசாச் செடிக்கு இந்தப் பக்கம் நில்லு

'உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். புல்வெளியில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் சமையல்காரம்மா போட்ட டீ பிரமாதம்.'

போனில் வந்த செய்தியைப் படித்த கிஷாந்துக்கு அடுப்பில் வெங்காயம் கருகுவதுகூடத் தெரியவில்லை. அவன் இருந்தது லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில், தன் வீட்டு அடுப்படியில். அங்கே யாரும் வரவில்லை. புல்வெளியும் கிடையாது.

"என்னங்க, மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு?" என்றாள் மனைவி வினோதா.

"கொழும்பு ஹோட்டல் மேடம் வந்துட்டாங்க. தொர பங்களாவுல உக்காந்திருக்காங்க."

வினோதா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு அவனை வெளியே தள்ளினாள்.

எல்லாம் அந்த லிங்க்டின் செய்த வேலை. இருவரும் வெங்காயத்தைச் சீனி போட்டு வதக்கிச் சீனிச்சம்பல் செய்து போத்தலில் அடைத்து விற்கிறார்கள். ஊர்க் கடைகளை மட்டும் நம்பி எத்தனை நாளைக்கு ஓட்டுவது? பெரிய ஹோட்டல்களைப் பிடிக்க வேண்டுமானால், தொழில் செய்கிறவர்கள் கூடும் லிங்க்டினில் இருக்க வேண்டும் என்று ஹட்டனில் நடந்த பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அங்கே முதலில் முகத்தைப் பார்ப்பார்களாம், அடுத்ததாக முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்களாம். கிஷாந்தின் முகத்துக்குப் பின்னால் இருந்தது தகரக் கூரையும் கோழிக்கூடும்.

அவன் அம்மா ராக்காயிக்குத் துரை பங்களாவில் சமையல் வேலை. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை குகநேசன் ஒரு கூட்டத்துக்காகக் கொழும்பு போயிருந்த நாளில், கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிஷாந்த் பின்வாசல் வழியாக உள்ளே போனான். படம் எடுத்தது ராக்காயிதான். போனைத் தலைகீழாகப் பிடிப்பாள் என்று அவன் பயந்தான். அவளோ, "ரோசாச் செடிக்கு இந்தப் பக்கம் நில்லு. கையக் கட்டிக்க. இப்பதான் மேல் ஜன்னலு தெரியுது" என்று கல்யாண வீட்டுப் போட்டோக்காரர் கணக்காக மிரட்டி, ஒரே தடவையில் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

'என் வீட்டில் ஒரு காலை' என்று எழுதிப் படத்தைப் போட்டான். பெயருக்குக் கீழே மேனேஜிங் டைரக்டர் என்றும் சேர்த்துக்கொண்டான். கம்பனியே புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தானே என்று வினோதா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதைப் பார்த்துத்தான் தனுஷிகா எழுதினார். கொழும்பு ஹோட்டல் ஒன்றுக்குச் சாமான் வாங்கும் பொறுப்பு அவருடையது. ஒருநாள் நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். இன்று நுவரெலியாவுக்குப் போகும் வழியில், சந்தியில் அந்தப் படத்தைக் காட்டி வழி கேட்டிருக்கிறார். சந்தியில் இருந்தவர்கள் படத்திலிருந்த ஆளையா பார்ப்பார்கள்? பங்களாவைப் பார்த்தார்கள், கையைக் காட்டிவிட்டார்கள்.

தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் கிஷாந்த் மேலே ஓடினான். ஆர்டர் போனால் போகட்டும். துரை கோபத்தில் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டால்? அவள் வேலையை வைத்துத்தான் லயத்து வீடே. அதுவும் போனால் சம்பல் போத்தலோடு ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

புல்வெளியில் தனுஷிகாவுக்கு எதிரே துரையே உட்கார்ந்திருந்தார். கிஷாந்தைக் கண்டதும் எழுந்தார்.

"வாரும் கிஷாந்த். நீர் வருமட்டும் இவவோட கதைச்சுக்கொண்டிருந்தனான். கூட்டிக்கொண்டு போய்ச் சம்பல் செய்யிற இடத்தைக் காட்டும்."

யாருடைய வீடு என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. அதுதான் கிஷாந்தை இன்னும் பயமுறுத்தியது.

பாதி இறக்கத்தில் அவனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "மேடம், அது எங்க வீடு இல்லைங்க. டீ குடுத்தாங்களே சமையல்காரம்மா, அவங்க எங்க அம்மா" என்று சொல்லிவிட்டான். பெற்றவளை யாரோ போல விட்டுவைத்ததற்கு அவனுக்கு அழுகையே வந்தது.

தனுஷிகா நின்றார். "சம்பல் உங்களோடதுதானே?"

"ஆமாங்க."

"அப்போ நடங்க."

லயத்து அடுப்படியைச் சுற்றிப் பார்த்தார். பாண் ரொட்டியில் சம்பலைத் தடவி இரண்டு துண்டு சாப்பிட்டார். ஒரு மாதத்துக்கு அனுப்பிப் பாருங்கள் என்று சொல்லி, படத்தை மட்டும் மாற்றிவிடும்படி கேட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஆர்டர் கிடைத்த சந்தோஷம்கூடக் கிஷாந்தின் மனதில் ஒட்டவில்லை. மாலையில் மறுபடியும் பங்களாவுக்குப் போய்த் துரை முன்னால் நின்றான்.

"மன்னிச்சிருங்க தொர. தப்பு எம்மேலதான். அம்மாவ மட்டும் நிப்பாட்டிறாதீங்க."

துரை போனை எடுத்தார். தலைமை அலுவலகத்துக்குத்தான் பேசப்போகிறார் என்று கிஷாந்த் நினைத்தான். அவரோ போனை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அதிலும் லிங்க்டின்தான். அதே ரோஜாச் செடி, அதே மேல் ஜன்னல். கையைக் கட்டிக்கொண்டு துரை நின்றார். 'என் வீட்டில் ஒரு காலை' என்று கீழே எழுதியிருந்தது.

"இது தோட்டக் கம்பனி வீடு, தம்பி. இடமாற்றம் வந்தால் நானும் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான்." துரை குரலைத் தாழ்த்தினார். "வேற வேலை தேடுறன். நாலு பேர் மதிக்கட்டும் எண்டு போட்டது. அந்தக் கொழும்புப் பிள்ளை உம்மட படத்தைக் காட்டேக்குள்ள எனக்கு என்ர படம்தான் ஞாபகம் வந்தது. இதைத் தோட்டத்தில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

டீயோடு வந்து நின்ற ராக்காயி கோப்பையை மேசையில் வைத்தாள்.

"அவன் சொல்ல மாட்டாங்க தொர. போன வருசம் ஒங்கள அதே எடத்துல நிக்க வச்சு எடுத்தது நாந்தானே. அத இன்னைக்கு வரைக்கும் நான் எம் மகங்கிட்டகூடச் சொல்லலியே."