புயல் இருக்கிறது, ஜாக்கிரதை

"எவனாவது இது கிட்ட போனீங்க, தடவுனீங்க, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்!"

ஃபர்னிச்சர் கடை முதலாளி தினமும் ஷட்டரைத் தூக்கியதும் ஓதும் மந்திரம் இதுதான்.

அவர் கையிலிருந்த சங்கிலியின் மறுமுனையில் புயல். ராட்வெய்லர் ஜாதி நாய். கன்னங்கரேலென்று, கட்டில் கால் மாதிரிக் கழுத்தோடு நின்றது.

"காவல் நாய்னா பயம் இருக்கணும். அதுக்கு இல்ல, உங்களுக்கு!"

பில் போடும் பெண் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒடுங்கினாள். டெலிவரி வண்டி ஓட்டும் மீசைக்காரர் ஒரு பீரோவுக்குப் பின்னால் பதுங்கினார். அவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு இப்படி நடுங்குகிறாரே என்று வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள்.

முதலாளி நாயைத் தூணில் கட்டிவிட்டு பேங்குக்குக் கிளம்பினார். கார் தெருமுனையில் திரும்பியது.

"போயாச்சு," என்றார் மீசை. சங்கிலியை அவிழ்த்தார்.

புயல் நேராக வந்து பில் போடும் பெண்மேல் மொத்த உடம்பையும் சாய்த்தது. சாய்வது அந்த ஜாதியின் பாசம். அந்தப் பாசத்தை வாங்கிக்கொள்பவர் சுவரோரமாக நிற்பது நல்லது. அவள் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டாள். 'கர்ர்ர்ர்' என்றது.

வந்த புதிதில் அந்தச் சத்தத்துக்கு மேஜைமேல் ஏறி நின்றவள்தான் அவள். அப்புறம் தேடித் தேடிப் படித்தாள், பக்கத்திலிருந்து பார்த்தாள். நிஜக் கோபம் என்றால் உடம்பு விறைத்துவிடும், கண் ஆடாது. சந்தோஷம் என்றால் உடம்பு மாவாகக் குழையும். உறுமல் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதையே பூனை செய்தால் மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

"விஷயம் தெரியுமாம்மா?" என்றார் மீசை. "சாயந்திரம் முதலாளியோட மச்சினன் வர்றாராம்."

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி மட்டுமல்ல, கடையில் பாதிப் பங்கு.

"போன வாரம் இது அவர் ஷூவை நக்கிடுச்சுல்ல? இது காவலுக்கு லாயக்கில்லன்னுட்டாராம். கல் குவாரிக்காரன் ஒருத்தன் இதை எடுத்துக்கறானாம். பதிலுக்கு நிஜமாவே கடிக்கிறது ஒண்ணு வருதாம்."

"குவாரியா? அங்க சங்கிலியை அவுக்கவே மாட்டாங்களேண்ணே!"

புயல் அவள் செருப்பின்மேல் தலையை வைத்துக் கண்ணை மூடியது.

"இன்னிக்கு நீ நல்லா நடிக்கணும்மா."

"ஐயோ, எனக்குக் கூச்சமா இருக்கும்ணே."

"தினமும் காலையில பண்றியே, அதுக்குப் பேரு என்ன?"

சாயந்திரம் மச்சினன் வந்தார். கறுப்புக் கண்ணாடி. ஒரு கால் கடைக்குள், ஒரு கால் வாசலில்.

"அத்தான், இது நாயா, தலையணையா?"

"பாத்துட்டுப் பேசு மாப்ளே," என்றார் முதலாளி. சுற்றிலும் பார்த்தார். "ஏம்மா, நீ போ அது கிட்ட."

மீசை முன்னேற்பாடாக நாயை இரண்டு பீரோக்களுக்கு நடுவே முகம் மட்டும் தெரியும்படி கட்டியிருந்தார். அதற்கு வாலைச் சின்ன வயதிலேயே வெட்டிவிட்டிருந்தார்கள். ஆட்டுவதற்கு வால் இல்லாத குறைக்கு, சந்தோஷம் வந்தால் பின்பக்கம் முழுவதையும் ஆட்டும். அது யார் கண்ணிலும் படக் கூடாது.

அவள் மெல்ல அடி வைத்துப் போனாள். காதருகே கையை நீட்டினாள்.

'கர்ர்ர்ர்ர்ர்...'

"ஐயய்யோ! கையைப் புடுங்க வருது!"

இவ்வளவு குரல் தனக்கு இருக்கிறது என்று அவளுக்கே அன்றுதான் தெரியும்.

"முதலாளி, சங்கிலியைப் புடிங்க!" மீசை டைனிங் டேபிள்மேல் தாவி ஏறினார். பீரோ தடதடவென்று ஆடியது. "பாத்தீங்களா, கோவத்துல பீரோவே ஆடுது!"

மச்சினனின் இரண்டு கால்களும் இப்போது ரோட்டில் இருந்தன.

"அத்தான், இதுவே இருக்கட்டும்!" என்று அங்கிருந்தே பங்குதாரர் ஒப்புதல் வந்தது.

"நான்தான் சொன்னேனே, கொலைகார ஜாதின்னு," என்றார் முதலாளி, முகத்தைத் துடைத்துக்கொண்டு.

கடை மூடும் நேரம் அவள் கிளம்பினாள். பஸ் ஸ்டாப் வரை போன பிறகுதான் குடை ஞாபகம் வந்தது. திரும்பி வந்தால், ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே பார்த்தாள்.

'தயவுசெய்து உட்காராதீர்கள்' என்று அட்டை மாட்டிய சோபாவில் முதலாளி உட்கார்ந்திருந்தார். மடியில் பாதிப் புயல். மடி கொள்ளாத மீதி சோபாவில். வெள்ளைச் சட்டை முழுக்கக் கறுப்பு முடி.

"தங்கக்குட்டி, பயந்துட்டியாடா? அந்தப் பொண்ணு கொஞ்சம் ஓவராத்தான் கத்திடுச்சு. மீசை வேற புது மேஜையைக் கீறிட்டான். விடு. உன்னைப் போய்க் குவாரிக்கு அனுப்புவேனா?"

'கர்ர்ர்ர்.'

ஷட்டர் கிறீச்சிட்டது. முதலாளி நிமிர்ந்தார். முகம் உடனே முதலாளி முகமானது. கை மட்டும் நாயின் காதை விடவில்லை.

"என்னம்மா?"

"குடை... முதலாளி."

அவளைப் பார்த்ததும் சோபாவின் அந்தக் கோடியில் புயலின் பின்பக்கம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது.

"கிட்ட வராதே," என்றார் முதலாளி கடுமையாக. "கடிச்சுக் குதறிடும்."

சம்பளம் வாங்குகிற இடமாயிற்றே. "ஐயோ அம்மா!" என்று முறைப்படி ஒரு தடவை அலறிவிட்டுத்தான் அவள் குடையை எடுத்தாள்.