ஒரு பள்ளம்கூட இல்லை

"ரோடு இருக்கும்போது காட்டுக்குள்ள எதுக்குய்யா பஸ்ஸை விட்டே?"

மேனேஜர் போட்ட சத்தத்தில், வெளியே டிக்கெட் கவுண்டரில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

டிரைவர் மேஜைக்கு முன்னால் நின்றார். காக்கிச் சட்டையில் இன்னும் புழுதி. உட்காரச் சொல்ல ஆளில்லை, அவரும் உட்காரவில்லை.

"காடு இல்ல சார். ரோட்டை ஒட்டி ஒரு மண் பாதை. ரோடு முழுக்கப் பள்ளம். அதுல ஓட்டினா பஸ்ஸும் தாங்காது, உள்ள இருக்கறவங்க இடுப்பும் தாங்காது."

"முக்கால் மணி நேரம் லேட். முகமெல்லாம் புழுதின்னு ஒரு பயணி புகார் எழுதிக் கொடுத்திருக்கார். இதுல டிரிப் ஷீட்ல உன் கையாலயே எழுதியிருக்கே, 'ரோடு சரியில்லை, மண் பாதையில் ஓட்டினேன்'னு. என்ன தைரியம்யா உனக்கு!"

"நடந்ததைத்தானே சார் எழுதினேன்."

மேனேஜருக்குச் சுர்ரென்று ஏறியது. அதே ரூட்டில் ஓடும் மற்ற டிரைவர்களின் டிரிப் ஷீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக மேஜையில் வீசினார்.

"இதோ, ரயில்வே கேட் மூடியிருந்தது. இதோ, பஞ்சர். மறுபடியும் கேட். அவங்களும்தான் லேட்டா வர்றாங்க. ஒருத்தனாவது ரோட்டைக் குறை சொல்லியிருக்கானா? உனக்கு மட்டும் எங்கேருந்துய்யா வருது பள்ளம்?"

டிரைவர் வாயைத் திறக்கப் போனார். அப்புறம் என்ன நினைத்தாரோ, தலையைக் குனிந்துகொண்டார்.

அது போதாதா! மேனேஜர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இங்க வா. இதைப் பார்."

சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. விமானத்தில் ஏறினால் மேனேஜருக்கு ஜன்னலோர சீட்தான் வேண்டும், அதுவும் இறக்கை மறைக்காத வரிசையில். மற்றவர்கள் மேகத்தைப் படம் எடுப்பார்கள். இவர் கீழே ஓடும் நெடுஞ்சாலைகளைத் தேடித் தேடி எடுப்பார். வளைவைப் பார்த்தே எந்த ரோடு என்று சொல்லிவிடுவார். போனில் முந்நூறு ரோடு இருக்கிறது. அதில் செல்லப்பிள்ளை இந்தப் படம். போன மாதம் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த காலையில், விமானம் இறங்கும்போது எடுத்தது. பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, கீழே தன் கையால் தேதியும் எழுதி வைத்திருந்தார்.

"நீ ஓட்டற அதே ரோடு. கோடு போட்ட மாதிரி எப்படிப் போகுது பார். ஒரு பள்ளம்கூட இல்லை!"

"சார், நீங்க மேலேருந்து பார்க்கறீங்க. ஒரு நாள் என் பஸ்ல ஏறி வாங்க."

"எனக்கே பாடம் எடுக்கறியா?" மேனேஜர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். ஓரத்து மேஜையில் இருந்த கிளார்க் அம்மாவிடம் திரும்பினார். "ஆர்டரைப் படிங்கம்மா. நல்லாக் கேட்டுக்கட்டும்."

கிளார்க் அம்மா படித்தார். குரலே எழும்பவில்லை. "மண் பாதையில் பஸ்ஸை ஓட்டியது. முக்கால் மணி நேரத் தாமதம். பயணியின் புகார். போன மாதம் பத்தாம் தேதி, முன்கூட்டிச் சொல்லாமல் லீவு. ஆகையால் இன்று முதல் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்."

"பத்தாம் தேதி என் பொண்ணை ஆஸ்பத்திரில சேர்த்தேன் சார்." டிரைவரின் குரல் உடைந்தது. "பதினெட்டு வருஷ சர்வீஸ். என் வண்டியில ஒரு ஆளுக்குக் கீறல் பட்டதில்லை. இதை விட்டா எனக்கு வேற வேலை தெரியாது சார்."

"நல்லாப் பொய் சொல்லத் தெரியுதே. பொழைச்சுக்குவே, போ."

டிரைவர் நிமிர்ந்தார். அதுவரை அடக்கி வைத்திருந்த கோபம் அப்போதுதான் கண்ணில் தெரிந்தது. சுவரில் இருந்த படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போயிடறேன் சார். நான் போன பிறகு, இந்த ரோட்டுல ஒரே ஒரு வண்டி எங்கயாவது போகுதான்னு மட்டும் தேடிப் பாருங்க."

சாவியை மேஜையில் வைத்துவிட்டு வெளியேறினார். கதவைக்கூட அடித்துச் சாத்தவில்லை.

"திமிரைப் பார்த்தீங்களா? வண்டியாம், வண்டி!"

பொருமிக்கொண்டே மேனேஜர் படத்தின் அருகில் போனார். மூக்குக் கண்ணாடியை மாட்டினார். பேனா முனையால் ரோட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துழாவினார்.

காலை ஒன்பதரை மணிக்கு எடுத்த படம். ரோட்டில் ஒரு வண்டிகூட இல்லை.

பக்கத்தில் மெல்லியதாக ஒரு பழுப்புக் கோடு. அதை வாய்க்கால் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். வாய்க்காலில் லாரி போகுமா? லாரி, கார், வேன் என்று எல்லாம் எறும்பு வரிசையாக அதில்தான் ஊர்ந்துகொண்டிருந்தன. நடுவே மூன்று மஞ்சள் கூரைகள். அந்த வட்டாரத்திலேயே மஞ்சள் கூரை அவருடைய கம்பெனி பஸ்ஸுக்கு மட்டும்தான்.

மேனேஜரின் முகம் வெளிறியது. அடுத்த நொடியே பளிச்சென்று மலர்ந்தது.

"மாட்டினான்! கையும் களவுமா மாட்டினான்! பாருங்கம்மா, அன்னிக்கும் மண் பாதையிலதான் ஓட்டியிருக்கான். இதையும் ஆர்டர்ல சேருங்க!"

கிளார்க் அம்மா எழுந்து வந்து படத்தைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் குரல் நன்றாகவே எழும்பியது.

"மூணு பஸ் இருக்கு சார்."

"இருக்கட்டுமே. மூணுல ஒண்ணு அவனோடதுதான்!"

"இல்ல சார். கீழே நீங்க எழுதின தேதியைப் பாருங்க. போன மாசம் பத்தாம் தேதி. அன்னிக்கு அவர் லீவு."