தபால் பெட்டிக்கு ஒரு கூண்டு

தார்ச்சாலை ஓரத்துக் கல்தூணில் தொங்கிய தபால் பெட்டிக்குள் முதலில் மணலை அள்ளிப் போட்டார்கள். அது போதாதென்று, அடுத்த வாரம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். இரண்டு தடவையும் உள்ளே கிடந்தது செண்பகவடிவு கலெக்டருக்கு எழுதிய மனுதான். தன் புருஷன் குவாரியில் குடித்துவிட்டு விழுந்து சாகவில்லை, தள்ளிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாள். டவுனுக்குப் போய்ப் போடலாமென்று பஸ் ஏறினால், குவாரி ஆள் ஒருத்தன் அவளுக்குப் பின்சீட்டில் வந்து உட்கார்ந்தான். அதனால் ஆடுகளைச் சாலையோரமே மேயவிட்டுப் பெட்டிக்குக் காவலிருந்தாள்.

இன்றைக்கு ஒரு வெல்டர் வந்து இறங்கினான். பெட்டியைச் சுற்றி இரும்புக் கூண்டு அடித்து, கடிதம் நுழையும் அளவுக்கு மட்டும் வாய் விட்டான். சிவப்புப் பெயிண்டும் பூசினான். வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது. தூக்குவாளியில் தனக்கென்று வைத்திருந்த நீச்சத்தண்ணியை அவனுக்கு ஊற்றிக் கொடுத்தாள். மடியிலிருந்த மூன்றாவது மனுவை எடுத்து உள்ளே போட்டாள்.

அவன் கூண்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்தான். "இனி ஒரு பய கை வைக்க முடியாதுக்கா."

"சாவிய தபால்காரருகிட்ட குடுத்திருவியாய்யா?"

"குவாரி மேனேஜர்கிட்டல்லா குடுக்கச் சொல்லியிருக்காவ. அவுக செலவுதான இது. செவ்வாக்கிழம பெட்டி தொறக்க வாரப்ப, தபால்காரரு அங்க போயி வாங்கிக்கிடுவாரு."

அவன் வண்டி போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். பெயிண்ட் காயாத அந்த வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை.

மறுநாள் செவ்வாய்.