அக்காவின் பதில்கள்

"பொய் சொல்றீங்கம்மா."

மனநல மருத்துவமனையின் உளவியலாளர் கேள்வித்தாளை மேஜையில் வைத்தாள். எதிரே இருந்த தையல்காரம்மா நிமிரவில்லை.

"நிறையப் பேசுவேன், சட்டுனு கோபம் வரும், தூக்கமே தேவைப்படாதுன்னு எல்லாத்துக்கும் 'ஆம்' போட்டிருக்கீங்க. ஒரு மணி நேரமா இங்க இருக்கீங்க, முழுசா நாலு வார்த்தை பேசலையே! இது வெறும் மனச்சோர்வா, இல்ல சோர்வும் அளவுமீறின உற்சாகமும் மாறி மாறி வர்ற இருதுருவக் கோளாறான்னு பிரிச்சுப் பார்க்க டாக்டருக்கு இந்தத் தாளும் வேணும். ஒண்ணுக்குக் கொடுக்கற மாத்திரை இன்னொண்ணுக்கு ஆகாது."

"தெரியும் மேடம்."

"சரி, கடைசியா எப்போ தூங்காம இருந்தீங்க?"

"போன வாரம். நாலு நாள் கண்ணே மூடல. வீடு பூரா பெயிண்ட் அடிச்சான்..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அடிச்சேன்."

உளவியலாளர் பேனாவை மூடினாள்.

"யாரும்மா அடிச்சது?"

அவள் கண் கதவுக் கண்ணாடிப் பக்கம் போனது. வெளியே பெஞ்சில் அவள் தம்பி, அக்காவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காலை ஆட்டியபடி இருந்தான்.

"தம்பியா?"

"முன்னே ஒரு தடவை சோர்ந்து படுத்துக் கிடந்தான். வேற ஒரு டாக்டர் அதுக்கு மாத்திரை கொடுத்தார். அதுல இன்னும் தலைகீழா ஆயிட்டான். அதுலேர்ந்து டாக்டர்னு வாயெடுத்தாலே, 'என்னைப் பைத்தியங்கிறியா?'ன்னு தட்டு பறக்கும். அதான், எனக்குத்தான் மனசு சரியில்லன்னு சொன்னேன். உடனே லீவு போட்டுட்டுக் கூட்டிட்டு வந்துட்டான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மருந்தை என் பேர்லயே எழுதிக் கொடுங்க மேடம். பைத்தியங்கற பேரு என்னோட போகட்டும்."

"அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா."

உளவியலாளர் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"சார், உங்க அக்காவுக்கு உங்களை நினைச்சுத்தான் கவலை. கொஞ்சம் உள்ள வந்து பேசறீங்களா?"

சட்டென்று அவன் முகம் சிவந்தது. பெஞ்சை விட்டு எழுந்தான். போய்விடுவான் போலிருந்தது.

"அழறாளா?" என்றான்.

"ஆமா."

உள்ளே வந்து மேஜைமேல் இருந்த கேள்வித்தாளைப் பார்த்தான்.

"இதை நான் எழுதினா இவ அழாம இருப்பாளா?"

"எழுதித்தான் பாருங்களேன்."

புதுக் கேள்வித்தாளோடு அவன் பக்கத்து அறைக்குப் போனான். தையல்காரம்மா அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உளவியலாளர் பழைய தாளைக் கையில் எடுத்தாள்.

"இதைக் கிழிச்சிடறேம்மா. இதுல உங்க பதில்னு ஒண்ணுமே இல்லையே."

"ஒண்ணே ஒண்ணு இருக்கு மேடம்."

தயங்கித் தயங்கி ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

'மனம்விட்டுப் பேச எனக்கென்று யாருமில்லை - ஆம்.'