புரியாத ஊரில் ஊழியம்

“இப்படியே இருந்தா நீங்க நேரா நரகத்துக்குத்தான் போவீங்க, தாதா,” என்றேன், முகம் நிறையச் சிரிப்போடு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காளி பதிலுக்குத் தலையை ஆட்டினார். ‘தாதா’ என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். ஹவுராவிலிருந்து பாபுகாட் போகும் படகு அப்போதுதான் கரையை விட்டிருந்தது. அக்கரை சேர்வதற்குள் இந்த ஆத்துமாவுக்கு நற்செய்தியைச் சொல்லி முடித்துவிட வேண்டும்.

திட்டுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஊழியம் செய்துகொண்டிருந்தேன். வாரம் ஒருவருக்காவது இயேசுவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் விட்டு அவர்கள் நரகத்தில் எரிந்தால் அதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பாஸ்டரின் கண்டிப்பு. ஞாயிற்றுக்கிழமை சபை நடுவே எழுப்பிவிட்டு, “பிரேம்குமார், இந்த வாரம் யாருக்குச் சொன்னீங்க?” என்று கேட்கவும் செய்வார்.

எனக்கு நரகம் என்றால் பயம். அதைவிட, முன்பின் தெரியாதவரிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்றால் ரொம்பப் பயம். மாற்றலாகி இந்த ஊருக்கு வந்த பிறகுதான் கர்த்தர் எனக்கு ஒரு வழி காட்டினார். தமிழ் தெரியாதவர்களாகப் பார்த்துத் தமிழிலேயே சொல்லிவிடுவது! கடமையும் முடிந்தது, உதையும் மிச்சம்.

“அவங்களுக்கு ஒரு மண்ணும் புரியாதேங்க,” என்பாள் என் மனைவி ஜெயராணி.

“சொல்றதுதான் என் வேலை. புரிய வைக்கிறது பரிசுத்த ஆவியோட வேலை,” என்று நானும் ஜம்பமாகச் சொல்லிவிடுவேன்.

இன்றைக்கு இவரைப் பிடித்ததற்குக் காரணம் அவருடைய மொட்டை. நேற்றோ முந்தாநாளோ போட்ட பளபளப்பு. மடியில் இருந்த மஞ்சள் பையில் வேலூர்த் துணிக்கடை ஒன்றின் பெயர் தமிழில் கொட்டை எழுத்தில் இருந்தது. திருப்பதியில் முடியைக் கொடுத்துவிட்டு, அப்படியே வேலூருக்கும் போய் ஒரு வேட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். இவரை விட்டால் வேறு யாருக்குச் சொல்வது?

“முடியைக் குடுத்தா பாவம் போயிருமா, தாதா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க!”

அவர் கண் கொட்டாமல் என்னையே பார்த்தார். எனக்கு இப்படி ஓர் ஆள் வாய்த்ததே இல்லை. மற்றவர்களெல்லாம் ஒரு நிமிஷத்தில் ஆற்றைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள், இல்லையென்றால் நைசாக இடம் மாறி உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

“அணையாத நெருப்பு, தாதா! தொண்டை காஞ்சு தண்ணி கேட்டாலும் ஒரு சொட்டு கிடைக்காது. நல்லவங்களா இருந்தா மட்டும் பத்தாது. எறும்பைக்கூட மிதிக்காதவங்களா இருந்தாலும் சரி, இயேசுவை ஏத்துக்காமப் போனா அங்கதான். அதுல நம்ம வீட்டு ஆளு, அடுத்த வீட்டு ஆளுங்கிற பாரபட்சமே கிடையாது!”

கையை வேறு ஆட்டி ஆட்டிச் சொன்னேன். எங்கள் பாஸ்டர் பார்த்திருந்தால் அடுத்த வாரமே என்னைப் பிரசங்க பீடத்தில் ஏற்றியிருப்பார். அந்த மனிதரின் கண்கள் கலங்கிவிட்டன. ஆவியானவர் மொழியெல்லாம் பார்ப்பதில்லை என்று எனக்கு மெய்சிலிர்த்துப் போயிற்று.

“அண்ணா,” என்றார் அவர்.

வங்காளி ‘தாதா’ என்றல்லவா சொல்ல வேண்டும் என்று எனக்கு உறைப்பதற்குள் அடுத்ததும் வந்தது.

“தண்ணி கூடவா குடுக்க மாட்டாங்க?”

தமிழ்! கொஞ்சம் வங்காள வாடை அடித்தாலும் நல்ல தமிழ். ஐயோ, தொலைந்தேன். நீச்சல் மட்டும் தெரிந்திருந்தால் அங்கேயே ஹூக்ளி ஆற்றில் குதித்திருப்பேன்.

“உ... உங்களுக்குத் தமிழ் வருமா?”

“வேலூர்ல ஆஸ்பத்திரிக்கு எதிர்லயே ரூம் எடுத்து ரொம்ப நாள் இருந்தேன் அண்ணா. நர்ஸ் அக்காங்க பேசிப் பேசி வந்துருச்சு.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். “நீங்க சொன்னது எல்லாம் உண்மையா?”

சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறார். இத்தனை நாளில் என்னிடம் திருப்பிக் கேட்ட முதல் ஆத்துமா!

“அது வந்து... சும்மா பொதுவா சொல்றதுதான். அவ்வளவு சூடெல்லாம் இருக்காது,” என்றேன். அதுவரை கொழுந்துவிட்டு எரிந்த நரகத்தை இரண்டு கையாலும் அணைக்கப் பார்த்தேன்.

பேச்சை மாற்றினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. என் கெட்ட நேரம், வாயில் அதுதான் வந்தது.

“அதை விடுங்க தம்பி. திருப்பதியில தரிசனம் நல்லபடியாக் கிடைச்சுதா?”

அவர் தலையைத் தடவிக்கொண்டார்.

“இது சாமிக்குப் போட்ட மொட்டை இல்லண்ணா. வேலூர்ல எவ்வளவோ பாத்தாங்க, முடியல. நேத்துதான் அம்மாவுக்குக் காரியம் பண்ணினோம்.”

படகு பாபுகாட் துறையில் முட்டி நின்றது. கூட்டம் முண்டியடித்துக்கொண்டு இறங்கியது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தேடினேன். எனக்குத் தெரிந்த ஒரே மொழியிலும் ஒன்றும் வரவில்லை.

அவர் மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எழுந்திருக்காமல் என் முகத்தையே பார்த்தார்.

“எங்க அம்மாவும் எறும்பை மிதிக்க மாட்டாங்கண்ணா. இப்ப அவங்க எங்க இருக்காங்க?”