நெஞ்சுவலி வேஷம்

வெர்னாவின் முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் ரத்தம். அவள் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. கதவுப் பக்கம் பார்த்து, "மகாராணி இன்னும் வரலையா?" என்றாள் எரிச்சலாக.

எலும்பு, ரப்பர். ரத்தம், சிவப்புச் சாயம் கலந்த சர்க்கரைப் பாகு. ஆம்புலன்ஸில் போய் உயிர் காக்கும் பாராமெடிக் படிப்பு நடக்கும் கல்லூரி அது. செய்முறைத் தேர்வு வரும்போதெல்லாம் நோயாளியாக நடிக்க, ஊரில் ஓய்வு பெற்ற சிலர் வந்து போவார்கள். வெர்னாவும் லொரெட்டும் நாலு வருஷமாக வருகிறார்கள்.

நாலு வருஷமாக வெர்னாவுக்குக் கால் முறிவு, லொரெட்டுக்கு மாரடைப்பு. கால் முறிந்தவளை யார் மதிக்கிறார்கள்? லொரெட் மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலறி, செத்துப்போன புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கண் செருகி விழுவாள். ஒருமுறை தேர்வு என்பதையும் மறந்து பிள்ளைகள் கைதட்டிவிட்டார்கள். அன்றைக்கு வெர்னாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த முறை விஷயம் இன்னும் பெரியது. அடுத்த வாரம் கல்லூரி ஒரு பாடப் படம் எடுக்கிறது. அதில் மாரடைப்பு நோயாளிதான் கதாநாயகி. வெர்னா ஒரு மாதமாகக் குளியலறையில் மாரடைப்பு பழகினாள். புருஷன் முர்ரே இரண்டு தடவை நிஜமென்று நம்பிக் கதவை உடைக்கப் போனார்.

"இன்னிக்கு ஒரு நாள் அந்த வேஷத்தை எனக்குக் குடுங்க டுவைட்," என்று ஆசிரியரிடம் காலையில் கெஞ்சியும் பார்த்தாள்.

"லொரெட்டே செய்யட்டும். அவங்க சொதப்பினா படத்துக்கு நீங்கதான்," என்றார் டுவைட். "ஆனா ஒண்ணு. போன தடவை மாதிரி நடுவுல எழுந்து வந்து யோசனை சொன்னீங்கன்னா, அப்புறம் இந்தப் பக்கமே வரக் கூடாது. பரீட்சைக்கு வந்த பிள்ளைங்க பாவம்."

லொரெட் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். "வீட்டு வாசல்ல முழங்கால் அளவு பனி. ஒத்தை ஆளா அள்ளிப் போட்டுட்டு வர்றேன்." அறுபத்தேழு வயதில் இதில் ஒரு பீற்றல் என்று வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னடி வெர்னா, இன்னிக்கும் கால்தானா?"

"ஏன், உனக்கு மட்டும்தான் மாரடைப்பு வரணுமா?"

"அதுக்கெல்லாம் குடுத்து வெச்சிருக்கணும்டி," என்று சொல்லிக்கொண்டே லொரெட் பக்கத்துப் பாயில் சாய்ந்துகொண்டாள்.

டுவைட் கையில் தாளோடு நின்றார். கார் மோதியதில் ஒருத்திக்குக் கால் முறிவு, இன்னொருத்திக்கு மாரடைப்பு. காப்பாற்ற ஒரே மாணவி. கிர்ஸ்டன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ, என் காலு!" என்று வெர்னா தொண்டை கிழியக் கத்தினாள். கிர்ஸ்டன் சட்டென்று ஒரு கட்டுப் போட்டுவிட்டு லொரெட் பக்கம் திரும்பிவிட்டாள்.

"அம்மா, எங்க வலிக்குது?"

"ஒண்ணுமில்ல கண்ணு… தாடைதான் கொஞ்சம்…" லொரெட் முனகினாள். அலறவில்லை. புருஷனைக் கூப்பிடவில்லை.

வெர்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த அடக்கமெல்லாம் இவள் எங்கே கற்றுக்கொண்டாள்? படத்துக்காக ரகசியமாக யாரிடமோ பயிற்சி எடுத்திருக்கிறாள்! முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அது எந்தக் கடைப் பவுடர்? நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. தண்ணீர்ப் புட்டியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று வெர்னா எட்டி எட்டிப் பார்த்தாள். ஒன்றும் தென்படவில்லை.

கிர்ஸ்டன் கையுறை போட்ட விரலை லொரெட்டின் மணிக்கட்டில் வைத்தாள். இந்த மாதிரித் தேர்வில் விரல் வைத்தால் போதும். தாளில் எழுதியிருக்கும் எண்ணைத் தேர்வாளர் சொல்வார், மாணவர் குறித்துக்கொள்வார்.

"நாடி நூத்திப் பத்து, சீரா இருக்கு," என்று படித்தார் டுவைட். கிர்ஸ்டன் விரலை எடுத்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டாள். அவர் லொரெட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பிரமாதம்! படத்துக்கு நீங்கதான்."

வெர்னாவின் வயிறு பற்றி எரிந்தது. ஒரு மாதக் குளியலறைப் பாடு வீண். இன்னும் ஒருமுறை லொரெட்டை உற்றுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ரப்பர் எலும்பைப் பிய்த்து எறிந்துவிட்டுத் துள்ளி எழுந்தாள்.

"வெர்னா! உங்களுக்குக் கால் உடைஞ்சிருக்கு, படுங்க!" என்று கத்தினார் டுவைட்.

"நிறுத்துங்க! பரீட்சையை நிறுத்துங்க!"

"ஆன்ட்டி, ப்ளீஸ், நான் ஃபெயிலாயிடுவேன்," என்றாள் கிர்ஸ்டன் அழாத குறையாக.

டுவைட்டின் முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்கு இவங்க மேல பொறாமை வெர்னா. ஊருக்கே தெரியும். போதும், வெளியே போங்க. இனிமே வராதீங்க."

"பொறாமைதான்! அதனாலதான் நாலு வருஷமா இவளை விட்டுக் கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டிருக்கேன்." வெர்னா அவர் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக் கிழித்தாள். "சீக்கிரம் நிஜ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. இவளுக்கு இவ்வளவு நல்லா நடிக்க வராது!"